அப்பா மரத்துக்கு மரம் நடந்த ஐப்பசி

மூச்சு வாங்குகிறவர்களுக்கென்றே ஒரு பயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போக வேண்டும். போய்விடலாம், பெரிய தூரமில்லை. ஆனால் பாதி வழியில் காற்று தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வரும். அது வந்துவிட்டால் எழுந்த நாம் மறுபடியும் உட்கார்ந்துவிடுவோம். வாரந்தோறும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடைப்பயிற்சிக்கு வருகிற நம் கூட்டத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்மை நடக்க வைக்கிற பெண்ணுக்கு என் பேத்தி வயது. நடந்தால்தான் மூச்சு பழகும் என்கிறாள். அவளுக்கென்ன, மாடி ஏறி இறங்கினாலும் இரைக்காத மார்பு என்று நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

போன வாரம் நம்மில் ஒருவர் நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். ‘நடந்து சாவறதுக்கு உக்காந்தே செத்துக்கறனே’ என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. என் அப்பாவை அப்படி அசையவிடாமல் வைத்திருந்த ஓர் ஐப்பசி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதை நேரில் சொல்ல எனக்கு மூச்சு போதாது. எழுதினால் நடுநடுவே நிறுத்திக்கொள்ளலாம்.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. இப்போது வாசல் வரைக்கும் பைக் போகிறது. அப்போது செம்மேட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கி, மொட்டைச் சரிவு ஒன்றில் இறங்கி, ஓடையைத் தாண்டி நடந்தால்தான் வீடு வரும். வீட்டுக்குப் பின்னால் மிளகுத் தோட்டம். பலா மரங்களிலும் சில்வர் ஓக் மரங்களிலும் கொடி ஏற்றிவிட்டிருந்தோம். அதற்கும் பின்னால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. வீட்டில் அப்பா, அம்மா, மகள் நான். ஒட்டினாற்போல அடுத்த வீட்டில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா.

அப்பாவுக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே இழுப்பு உண்டு. பனி இறங்கினால் அவர் நெஞ்சுக்குள் கிணற்றுச் சகடை சுற்றுகிற சத்தம் கேட்கும். அது பீடியால் வந்ததா, சின்ன வயதில் வந்துபோன நோயின் மிச்சமா, வீட்டுப் புகையா, யாருக்கும் தெரியாது. ஆனாலும் கிழங்கு மூட்டையைச் சுமப்பார், மரம் ஏறி மிளகு பறிப்பார், இறங்கி வந்து கொஞ்ச நேரம் குனிந்து நிற்பார், மறுபடி ஏறுவார். அது அவருடைய வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. பெரியப்பா அவரைச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, காய்ச்சல் விடுகிற வரைக்கும் படுத்திருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடி காய்ச்சல் விட்டது. படுக்கையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அதற்குக் காரணம் பெரியப்பாவின் பயம். அவர் பையனாக இருந்தபோது, அவருடைய அப்பா தலையில் பலாப்பழத்தோடு மேடேறி வந்தவர், பழத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். பெரியப்பா பக்கத்தில் நின்றிருந்தாராம். அன்றிலிருந்து நெஞ்சு கெட்டவன் கால் தரையில் படக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பயத்தில் போட்ட சட்டத்தை யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. அம்மாவும் பேசவில்லை.

வீட்டின் உள்ளறையில் அப்பாவின் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னலுக்குச் சாக்கை அடைத்தார்கள். குளிர் ஏறிவிடக் கூடாது என்று கட்டிலுக்குக் கீழே கணப்புச் சட்டி வைத்தார்கள். மழைக்காலத்து விறகு எப்படி எரியும் என்று உங்களுக்குத் தெரியும். அறை முழுக்கப் புகை. எனக்கே கண்ணில் நீர் கொட்டும். கஞ்சிக் கிண்ணத்தை அப்பா தானே எடுத்தால் அம்மா வாங்கிக்கொண்டு ஊட்டிவிடுவாள். மூத்திரத்துக்குக்கூடச் சட்டிதான். அவ்வளவு கண்ணும் கருத்துமாக ஒரு மனுஷனைப் பார்த்துக்கொண்டதை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கண்டதில்லை.

இன்னொன்றும் செய்தார் பெரியப்பா. எங்கள் மலையில் ஆளுக்கு முடியாமல் போனால் டோலி கட்டித்தான் பஸ் ரோட்டுக்குத் தூக்கிப் போவார்கள். மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, ஆளை அதில் மடக்கிப் படுக்கவைத்து, முன்னால் பின்னால் தோள் கொடுத்துத் தூக்குவது. பச்சை மூங்கில் கனம், தோளை அறுத்துவிடும். புகையில் போட்டுக் காயவைத்தால் இலேசாகிவிடும், பூச்சியும் அரிக்காது. அவசரத்துக்கு ஆகட்டும் என்று பெரியப்பா முன்கூட்டியே நல்ல மூங்கிலாகப் பார்த்து வெட்டி வந்தார். வீட்டில் ஓயாமல் புகை இருந்த இடம் அப்பா படுத்திருந்த அறைதான். அங்கே இருந்த பரண்மேல் அதைக் கிடத்தினார். அப்பா மல்லாந்து படுத்தால் நேரே கண்ணுக்கு மேலே அந்த மூங்கில்.

இதில் என்ன கோளாறு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா தினமும் வந்து தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு எட்டி மூங்கிலையும் தொட்டுப் பார்ப்பார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள், புகை போகிற பக்கம் அண்ணாந்து பார்ப்பார்கள், சட்டென்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்பா அவர்கள் கண் போகிற இடத்துக்கெல்லாம் தன் கண்ணையும் அனுப்புவார்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அறை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்பா எழுந்தால் கத்த வேண்டும். அதுதான் வேலை. வேலை சுலபம், பயம்தான் தாங்க முடியவில்லை. நாள் முழுக்க அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். உள்ளே போகும், சகடை சுற்றும், வெளியே வரும். அடுத்தது வரத் தாமதமானால் என் மூச்சும் நின்றுவிடும். அவர் விட்ட பிறகுதான் நான் விடுவேன். சில நேரம் எனக்குத் தலை சுற்றிவிடும். சாப்பிடப் போனாலும் காது அந்த அறையிலேயே கிடக்கும். என்ன பிள்ளை இது, களியை முழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறது என்று அம்மா திட்டுவாள்.

அப்பாவின் கால்கள் மாறிக்கொண்டே வந்தன. மரம் ஏறிய கெண்டைக்கால் அது, கல் மாதிரி இருக்கும், நான் சின்னதாக இருந்தபோது ஏறி நின்று விளையாடியிருக்கிறேன். இப்போது தோல் தொங்கியது. ஒருநாள் அம்மா வெந்நீரில் துணி நனைத்து அந்தக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வேகவேகமாகத் துடைத்து முடித்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

செம்மேட்டில் சந்தை கூடிய நாள். கிழங்கு கொண்டுபோக அம்மாவும் பெரியப்பாவும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மழை விட்டு, மூடுபனி தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நான் கத்த வாயைத் திறந்தேன். வீட்டில் கேட்க யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“கத்தாத சாமி. பின்கதவத் தொற. அந்தப் பலாமரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்” என்றார்.

நான் கதவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், அவர் என் அப்பா, திறக்கச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து பலாமரம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது. இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக் குனிந்து நின்றார். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதட்டைக் குவித்து, சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவது போல மெதுவாக ஊதினார். ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். காற்று உள்ளே போவதாகவே எனக்குத் தெரியவில்லை. செத்துப்போகப்போகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன். பக்கத்துக் காட்டில் யாரையாவது கூப்பிடத் திரும்பினேன். அப்பா மரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, பொறு என்று காட்டினார்.

பிறகு தோள் தணிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“பாத்தியா, வந்துருச்சு” என்றார்.

அதிலிருந்து வீடு காலியாகும்போதெல்லாம் அப்பா பின்கதவு வழியாக இறங்கினார். இன்றைக்குப் பலா வரை, இன்னொரு நாள் அதற்கடுத்த சில்வர் ஓக் வரை. முடியாத நாளில் வாசலோடு திரும்பிவிடுவார். ஒவ்வொரு மரத்திலும் பிடித்து நிற்பது, ஊதுவது, தோள் தணிந்ததும் அடுத்த மரம். நான் பின்னாலேயே போவேன். இது பழகப் பழக எனக்குப் பயம் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. முன்பு கட்டில் பக்கத்தில் இருந்த பயம் இப்போது தோட்டம் முழுக்கப் பரவியது, அவ்வளவுதான். சொன்னால் அவரைத் திரும்பக் கட்டிலில் போட்டுவிடுவார்கள். சொல்லாமல் இருந்து, அவர் ஏதாவது ஒரு மரத்தடியில் சரிந்துவிட்டால்? திரும்பி வந்ததும் அவருடைய ஈரக்காலைச் சாக்கால் துடைத்துவிடுவேன். விரலிடுக்கில்கூட மண் இல்லாமல் பார்த்துக்கொள்வேன்.

அப்பா இன்னொரு உருண்டை களி கேட்டார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அம்மா குலசாமியைக் கும்பிட்டாள். படுத்துக்கிடந்தால் எல்லாம் சரியாகும் என்று தான் அப்போதே சொன்னதாகப் பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

ஒருநாள் அப்பா தோட்டத்தின் கடைசி மரத்துக்கே போய்விட்டார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். தோள் தணிகிற நேரம். அப்போது கிழங்குக் காட்டிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். அவர் கண்டது பனிக்குள் மடங்கி நிற்கிற தம்பியை. ஐயோ என்று ஓடிவந்து, அப்பா கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டுவதைக் கவனிக்காமல், அவரை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். அப்பாவின் நெஞ்சு பெரியப்பாவின் தோளில் நசுங்கியது. தலை கீழே தொங்கியது. நான் பின்னால் ஓடினேன். அப்பாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆவதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

கட்டிலில் இறக்கியபோது சகடைச் சத்தம்கூட இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா அலறினாள். அப்பா எப்படியோ கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்துக்காக நான் அவ்வளவு ஏங்குவேன் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மறுநாள் விடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பரணிலிருந்து மூங்கிலை இறக்கினார்கள். புகை குடித்துச் செம்பழுப்பாகப் பளபளத்தது. பெரியப்பா ஒரு கையில் தூக்கிப் பார்த்து, நல்லாக் காஞ்சிருக்கு என்றார். கம்பளியைக் கட்டினார்கள்.

அப்பா கட்டிலில் குனிந்தபடியே சொன்னார். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

“அதுல மடங்கிப் படுத்தா... மூச்சு நின்னுரும் அண்ணா. நான் நடந்து வாரேன்.”

நடக்கிறானாம், நடந்ததால் வந்த வினைதானே இது என்று பெரியப்பா கையை உதறினார். ஆட்கள் அப்பாவைத் தூக்கக் கிட்டே போனார்கள். அவர்கள் தூக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“அப்பா நடப்பாருங்க பெரியப்பா. அம்மா இல்லாதப்பல்லாம் நடந்தாரு, கடேசி மரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. நீங்க தூக்குனீங்கல்ல, அப்பத்தானுங்க மூச்சு நின்னுச்சு.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்று வரை யாருக்கும் சொல்லத் தெரியாமல் இருக்கிறேன். அப்பா அதற்குள் காலைத் தரையில் ஊன்றிவிட்டார். முடியாமல் போனால் பாதி வழியில் டோலியில் போட்டுவிடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா எங்களோடு வரவில்லை. தன்னால் அதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

முன்னால் அப்பா. பக்கத்தில் நான். பின்னால் வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள். தும்பைப் பூ மாதிரி பனி. பலாமரம் ஒன்றில் கை வைப்பார், ஊதுவார். நாங்கள் எல்லோரும் நிற்போம். மழைத்துளி இலையிலிருந்து விழுகிற சத்தமும் அவர் ஊதுகிற சத்தமும்தான். அடுத்த மரம். ஓடைக்கு அப்பால் விறகோடு வந்த ஒரு பெண் எங்கள் மூங்கிலைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சுமையைக் கீழே போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். கிட்டே வந்த பிறகு, முன்னால் நடந்து வருகிறவரைக் கண்டு, கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ‘இன்னும் இல்லீங்க’ என்றார் அப்பா. ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. இதில் அப்பாவுக்கு ஏதாவது ஆனால், நடப்பார் என்று சொன்னது என் வாய்.

ஓடையைத் தாண்டியதும் மொட்டைச் சரிவு. சாமை அறுத்த காடு. பஸ் ரோடு வரைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு மரம் கிடையாது. அப்பா சரிவின் பாதியில் நின்றுவிட்டார். கை காற்றில் எதையோ தேடியது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆட்கள் டோலியைக் கீழே வைத்துக் கம்பளியை விரித்தார்கள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா அவரைத் தூக்கத்தான் வந்தார். கிட்டே வந்து, அப்பாவின் குவிந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு அப்பாவுக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக் குனிந்து, காலை அகட்டி ஊன்றி நின்றார். அப்பா இரண்டு கையையும் அண்ணன் முதுகில் வைத்துச் சாய்ந்தார். ஊதினார். பெரியப்பாவின் சட்டை அந்த மூச்சில் அசைவதை நான் பார்த்தேன். தோள் தணிந்தது. பெரியப்பா மேலே ஏறிப் போய் மறுபடி குனிந்து நின்றார். அப்படியே, நின்று நின்று, சரிவு முடிகிற வரைக்கும்.

பஸ் எங்களுக்காகக் காத்திருந்ததா, தாமதமாக வந்ததா, நினைவில்லை. அப்பா கம்பியைப் பிடித்து ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், அவருக்கும் நன்றாக இரைத்தது. அப்பா ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“பயந்துட்டியா கண்ணு?”

தலையாட்டினேன்.

“நானுந்தான். மரத்துக்கு மரம் பயந்துக்கிட்டேதான் போனேன். ஆனா அந்த ஊட்டுக்குள்ள படுத்திருந்தப்ப... இதவிடப் பயமா இருந்துச்சு. உங்கம்மாகிட்ட சொல்லு.”

அவர் திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். அந்தச் சரிவில் இறங்கி நடந்தே வந்தார். இழுப்பு போகவில்லை, அது போகிற வியாதியில்லை என்று நமக்குத் தெரியும். மரம் ஏறவில்லை, மூட்டை தூக்கவில்லை. ஆனால் நடந்தார். என் கல்யாணத்தில் பந்தலுக்கும் சமையல்கட்டுக்குமாக நின்று நின்று நடந்து பந்தி விசாரித்தார். பெரியப்பா அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பஸ் போய்விட்டது. ஆட்களோடு நான் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா காலியான கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டோலியில் போட்டுவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, ரோடு வரைக்கும் நடந்தார் என்றேன். அப்பா சொல்லச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா கட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவளும் அந்தச் சில வாரங்களில் பாதியாகிப்போயிருந்தாள் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“நல்லா இருக்கோணும்னுதானே சாமி படுக்க வெச்சோம்” என்றாள். சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வேன் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.